சேமித்த காய்கனிகளில் பூசணமும் தாவர ஹார்மோன்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அறுவடை செய்த காய்கனிகளில் பூசணம் பிடிப்பதைத் தாவர ஹார்மோன்களைக் கொண்டு தள்ளிப்போட முடியுமா என்று பலரும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் ஆறு கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். சிலவற்றுக்கு விரிவான விளக்கம் தேவைப்படுகிறது. சிலவற்றுக்கு ‘வேண்டாம்’ என்பதே விடை.

ஜிப்ரலிக் அமிலம் போன்ற ஹார்மோன்கள், பூசணக்கொல்லி மருந்துகளைப் போலப் பூசணத்தைக் கொல்லுமா? (வேளாண் கல்லூரி மாணவி, மதுரை)

கொல்லாது. ஜிப்ரலிக் அமிலம் சேர்ந்த ஜிப்ரலின் என்ற ஹார்மோனையே நாம் ஒரு பூஞ்சையிடமிருந்துதான் அறிந்துகொண்டோம். நெற்பயிர் வெளிறி, அளவுக்கு மீறி நெடுநெடுவென வளர்ந்து சாயும் நோயைத் தைவானில் ஆராய்ந்த ஜப்பானிய அறிவியலாளர் எயிச்சி குரோசாவா, நோயை உண்டாக்கும் பூஞ்சை வளர்ந்த நீரை வடிகட்டிக் கொடுத்தாலே, பூஞ்சை இல்லாமலும் பயிர் அப்படி வளர்கிறது என்று 1926இல் காட்டினார். அந்த நீரில் இருந்த பொருள்தான் பின்னாளில் ஜிப்ரலின் என்று பெயர் பெற்றது. ஜாஸ்மோனிக் அமிலம் என்ற இன்னொரு தாவர ஹார்மோனை முதலில் பிரித்தெடுத்ததும், மாம்பழத்தில் காம்பு அழுகலை உண்டாக்கும் லேசியோடிப்ளோடியா என்ற பூஞ்சையிலிருந்துதான். எலுமிச்சையின் பச்சைப் பூசணமோ, காயைப் பழுக்கவைக்கும் வாயு ஹார்மோனான எத்திலீனைத் தானே ஏராளமாக வெளியிடுகிறது. தாமே உண்டாக்கும் பொருளால் இவை சாகும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஹார்மோன் வேலை செய்வது பூசணத்தின்மீது அன்று, காயின்மீது. பறித்த பின்னும் காய் உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகிறது, முதிர்கிறது. தோல் இளமையாக இருக்கும்வரை, பூசணத்தை எதிர்க்கும் சேர்மங்களை அது தன்னிடம் வைத்திருக்கிறது. முதிர முதிர அவை குறைகின்றன. ஜிப்ரலினும், ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனும் அந்த முதுமையைத் தள்ளிப்போடுகின்றன. சாலிசிலிக் அமிலம் என்ற ஹார்மோனும், ஜாஸ்மோனிக் அமில வகையான ஜாஸ்மோனேட்டும் காயின் தற்காப்பை எழுப்பிவிடுகின்றன. ஆகவே இவற்றை நலமான காய்க்கு, பூசணம் நுழையும் முன்பே கொடுத்தாக வேண்டும். அழுகத் தொடங்கிய காய்க்கு எந்த ஹார்மோனும் உதவாது. மற்ற எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை இதுவே.

எலுமிச்சையைப் பத்து நாள் இருப்பு வைத்தாலே பாதி மூட்டை பூசணம் பிடித்துவிடுகிறது. 2,4-டி மருந்தில் முக்கி எடுத்தால் நிற்கும் என்கிறார்கள். செய்யலாமா? (எலுமிச்சை வியாபாரி, புளியங்குடி)

முதலில் உங்கள் காயை அழிப்பது எந்தப் பூசணம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கெட்ட காய் ஒன்றைக் கையில் எடுங்கள். தோலில் எங்கோ ஓரிடத்தில் கட்டைவிரல் பட்டால் உள்ளே அமுங்கும் ஈரமான வட்டமும், அதன்மேல் வெள்ளை விளிம்பும், விளிம்புக்குள்ளே ஊதினால் பறக்கும் பச்சைத் தூளும் இருந்தால் அது பச்சைப் பூசணம். காம்பு ஒட்டியிருந்த இடத்தில் பழுப்பாகத் தொடங்கி, அங்கிருந்து கீழே இறங்கினால் அது காம்பு அழுகல்.

இந்த வேறுபாடு முக்கியமானது. பச்சைப் பூசணம் காயத்தின் வழியாகத்தான் நுழைகிறது: முள் கீறிய இடம், நகம் பட்ட இடம், கீழே விழுந்து அடிபட்ட இடம். எந்த ஹார்மோனும் அந்தக் காயத்தை அடைத்துவிடாது. காம்பு அழுகல் பூஞ்சைகளின் வழி வேறு. அவை காயின் தலையில் இருக்கும் பச்சை நட்சத்திரம் போன்ற புல்லி வட்டத்தில் ஒடுங்கிக் காத்திருக்கின்றன. அது காய்ந்து, காயிலிருந்து கழன்றுகொள்ளும்போது விரியும் இடைவெளியில் உள்ளே இறங்குகின்றன. 2,4-டி சிறிய அளவில் ஆக்சின் ஹார்மோனைப் போல வேலை செய்து, அந்தப் புல்லி வட்டத்தை உதிராமல் பசுமையாக வைத்திருக்கிறது. பல மாதங்கள் இருப்பு வைக்கும் கலிஃபோர்னிய எலுமிச்சைக்கு இதைப் பயன்படுத்தியதன் காரணம் அதுதான்.

ஆனால் அதை வைத்து நீங்கள் காயை முக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். நம் ஊர்க் கடையில் 2,4-டி என்று விற்பது வயலில் தெளிக்கும் களைக்கொல்லி. ஊறுகாய்க்குத் தோலோடு போகும் காயை அதில் நனைப்பது உண்பவருக்குச் செய்யும் தீங்கு. மேலும், நம் சந்தையில் இழப்பு பெரும்பாலும் பச்சைப் பூசணத்தால்தான் வருகிறது. அதற்கு அது உதவவும் உதவாது.

ஜிப்ரலிக் அமிலம் தோல் மஞ்சளாவதையும் மென்மையாவதையும் தாமதப்படுத்தும் என்பது உண்மை. காய் பச்சையாக இருக்கும்போதே மரத்தில் தெளிப்பது பல நாடுகளில் வழக்கம். ஆனால் மஞ்சள் காய்க்கு விலை கொடுக்கும் சந்தைக்கு அது பொருந்தாது. அளவையும் காலத்தையும் உங்கள் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். அதற்கு முன், காயை இழுத்துப் பறிக்காமல் காம்பை ஒட்டக் கத்தரித்து எடுக்கச் சொல்லுங்கள். சாக்கில் கொட்டுவதற்குப் பதில் பெட்டியில் அடுக்குங்கள். பூசணம் பிடித்த காயைத் தூள் பறக்காமல், ஈரத்துணியால் மூடி எடுத்து அப்புறப்படுத்துங்கள். அது வெளிவிடும் எத்திலீன் பக்கத்துக் காய்களையும் வேகமாக மஞ்சளாக்கும். ஒரு கெட்ட காயைச் சுற்றி இருப்பவை மட்டும் முதலில் நிறம் மாறுவதை நீங்களே கவனித்திருக்கலாம்.

மாங்காயைச் சாலிசிலிக் அமிலக் கரைசலில் நனைத்தால் கரும்புள்ளி வராது என்று படித்தேன். ஆஸ்பிரின் மாத்திரையைக் கரைத்து அப்படிச் செய்யலாமா? (மா விவசாயி, கிருஷ்ணகிரி)

நீங்கள் சொல்லும் கரும்புள்ளி ஆந்த்ராக்னோஸ். இந்தப் பூஞ்சை, காய் பிஞ்சாக இருக்கும்போதே மழையிலும் பனியிலும் தோலுக்குள் நுழைந்து, வளராமல் உறங்கிக் கிடக்கும். பச்சைத் தோலில் உள்ள ரிசார்சினால் வகைச் சேர்மங்கள் அதை அடக்கி வைக்கின்றன. பழுக்கும்போது அவை குறைய, புள்ளி வெளியே தெரிகிறது. அதனால்தான் தோட்டத்தில் மாசற்றதாக இருந்த காய், பழக்கடையில் கறுத்துப்போகிறது.

சாலிசிலிக் அமிலம் செடிகளின் எதிர்ப்பாற்றலை எழுப்பும் சமிக்ஞை. ஆஸ்பிரின் கொடுத்த புகையிலைச் செடி வைரஸ் நோயை நன்றாக எதிர்த்தது 1979இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. மாங்காயிலும், லிட்டருக்கு ஏறத்தாழ கால் கிராம் அளவுள்ள கரைசலில் நனைத்தபோது புள்ளி தாமதமாக வந்ததாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. தாமதம்தான், முழுத் தடுப்பு அன்று. அளவு கூடினால் தோலே வெந்துபோகும்.

மாத்திரையைக் கரைப்பது வேண்டாம். அதில் மாவுப் பொருள்களும் பிறவும் கலந்திருக்கும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும் உங்கள் பழத்தை உண்பார்கள். நிச்சயமான வழி வெந்நீர். 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் முக்கி, உடனே ஆறவைத்து, ஈரம் போக உலர்த்துங்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் கைச்சூட்டை நம்பிச் செய்யாதீர்கள். இரண்டு மூன்று டிகிரி கூடினாலும் தோல் கெடும், குறைந்தால் பூஞ்சை பிழைத்துக்கொள்ளும்.

வாழைத்தாரை எத்திலீன் அறையில் பழுக்கவைக்கிறோம். சீப்பு வெட்டிய இடம் கறுத்துப் பூசணம் பிடிக்கிறது. எத்திலீன்தான் காரணமா? (பழ மண்டிக்காரர், திருச்சி)

ஓரளவுக்கு ஆம். எத்திலீன் வாயுவால் பழுக்கவைப்பது தவறன்று. 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) வரை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்திருக்கிறது, கார்பைடுக்குத்தான் தடை. ஆனால் எத்திலீன் காயின் தற்காப்பைத் தளர்த்துவதோடு, பூசணத்துக்கும் அழைப்பாக அமைகிறது. வாழை உள்ளிட்ட பழங்களைத் தாக்கும் கொலெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சையின் வித்துகள் எத்திலீனை உணர்ந்தே முளைத்து, தோலைத் துளைக்கும் உறுப்பை உருவாக்குகின்றன என்று 1994இல் கண்டறிந்தார்கள். பழுக்கும் நேரத்தைப் பழத்தின் ஹார்மோனைக் கொண்டே அது தெரிந்துகொள்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது எத்திலீனை நிறுத்துவதன்று. அதற்கு முன்னால் உள்ள வேலையைத் திருத்துவது. சீப்பைக் கூரிய, சுத்தமான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். பிய்ந்த நாரில்தான் பூசணம் முதலில் குடியேறும். பால் வடிய அலசும் தொட்டித் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். ஒரு நாள் அழுக்குத் தண்ணீர், அன்று வந்த எல்லாத் தார்களுக்கும் வித்துகளைப் பரப்பிவிடும். வாயு கொடுத்து முடிந்ததும் அறையைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள்.

மல்லிகையில் இருக்கும் ஒரு பொருள் ஸ்ட்ராபெரியைப் பூசணத்திலிருந்து காக்கும் என்று கேள்விப்பட்டேன். பெட்டிக்குள் மல்லிகைப் பூ வைக்கலாமா? (உதகை)

அந்தப் பொருள் மீத்தைல் ஜாஸ்மோனேட். நாம் ஜாதிமல்லி, பிச்சி என்று சொல்லும் பூவின் எண்ணெயிலிருந்து 1962இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். மூடிய கலத்தில் அதன் ஆவி பட்ட ஸ்ட்ராபெரியில் சாம்பல் பூசணம் குறைந்தது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பூ அந்த அளவு ஆவியைத் தராது. அது வாடும்போது ஈரத்தையும் பூசணத்தையும்தான் பெட்டிக்குள் கொண்டுவரும். சாம்பல் பூசணம் குளிர்பெட்டியிலும் மெல்ல வளரக்கூடியது. ஆகையால் பறித்த ஒரு மணி நேரத்துக்குள் குளிரவைத்து, கழுவாமல், ஒற்றை அடுக்காக அனுப்புங்கள்.

பட்டறையில் வைத்த சின்ன வெங்காயம் முளைக்காமலிருக்க மாலிக் ஹைட்ரசைடு தெளித்தேன். முளைக்கவில்லை, ஆனால் கறுப்புப் பொடி பிடித்துவிட்டது. மருந்து போலியா? இதே போல நிலக்கடலைக்கும் ஏதாவது ஹார்மோன் உண்டா? (பெரம்பலூர்)

மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது. அது வளர்ச்சியை நிறுத்தும் பொருள். முளையை நிறுத்தும், கரும்பூசணத்தை நிறுத்தாது. கரும்பூசணம் கழுத்தின் ஈரத்தில்தான் தொடங்குகிறது. அடுத்த முறை தாளோடு (வெங்காய இலையோடு) நிழலில் உலர்த்தி, கழுத்து சுருங்கி, விரலால் நெருடினால் சரசரவென்று ஒலிக்கும்வரை பொறுத்துப் பிறகு தாளை அறுத்துப் பட்டறை போடுங்கள்.

நிலக்கடலைக்கு ஹார்மோன் ஏதும் வேண்டாம். உலர்ந்த பருப்பு உறங்கும் விதை. அதில் எழுப்புவதற்குரிய தற்காப்பு மிகக் குறைவு, ஈரம் ஒன்றுதான் பூசணத்தைத் தீர்மானிக்கிறது. பருப்பில் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்து, தரையைத் தொடாமல் பலகையின்மேல் மூட்டையை அடுக்குங்கள். பச்சை கலந்த மஞ்சள் பூசணம் பிடித்த பருப்பில் அஃப்ளடாக்சின் நஞ்சு இருக்கக்கூடும். வறுத்தாலும் அது முழுவதும் போகாது. அதை எண்ணெய்க்கோ மாட்டுக்கோ போடாமல் தனியே பொறுக்கி அழித்துவிடுங்கள்.