சென்னை–சிங்கப்பூர்–சிட்னி: நடுவில் இரண்டு நாள் தங்கினால் கட்டணம் ஏன் ஏறுகிறது?

சின்னப் பிள்ளைகளோடு நால்வராகச் சென்னையிலிருந்து சிட்னிக்குப் போகிறோம், வழியில் சிங்கப்பூரில் இரண்டு நாள் தங்கினால் கட்டணம் ஏறுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தனித்தனி டிக்கெட் வேண்டாம். டிக்கெட் தளத்தில் பல ஊர்களைச் சேர்த்துத் தேடும் 'மல்டி சிட்டி' தேடலில் எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். சிங்கப்பூரில் இரண்டு நாள் சேர்த்ததும் நால்வருக்கும் கட்டணம் எகிறியதற்கு, ஒவ்வொரு பயணத்தையும் ஒருவழியாகத் தேடியதுதான் காரணமாக இருக்கும்.

ஒன்று செய்து பாருங்கள். சிங்கப்பூர் இடைவெளியை 24 மணி நேரத்துக்குள் வைத்து ஒருமுறை, இரண்டு நாள் வைத்து ஒருமுறை தேடுங்கள். 24 மணி நேரம் தாண்டினால் அது வெறும் விமான மாற்றம் இல்லை, 'ஸ்டாப்ஓவர்', அதாவது வழியில் தங்குவது. கட்டண விதி மாறும். வித்தியாசம் சிறிதென்றால் தாராளமாகத் தங்குங்கள். சென்னையிலிருந்து நாலு மணி நேரம், அப்புறம் சிட்னிக்கு எட்டு மணி நேரம். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு நல்ல தூக்கம் அவ்வளவு உதவும்.

ஒரே டிக்கெட்டில் ஒரு விமானத்தை ஏறாமல் விட்டால் மீதிப் பயணமும் ரத்தாகலாம். சிங்கப்பூர் விசா விதியையும் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.