மாமனை விட இன்செர்ட் விக்கற அண்ணன் மேல்

கேள்வி: மேடம், நான் பி.இ. மெக்கானிக்கல், கோபி பக்கம் கிராமம். போன வருசம் முடிச்சேன். ஆன்லைன்ல எத்தனையோ கம்பெனிக்கு ரெஸ்யூம் போட்டும் ஒரு போன் வரல. கோயமுத்தூர்ல நெறைய வேலை விளம்பரத்துக்கே வராது, தெரிஞ்ச ஆள் வேணுங்கறாங்க. எங்க வீட்ல எல்லாரும் விவசாயம், ஆளுக்கு நான் எங்க போறது? ரெஸ்யூம் இணைச்சிருக்கேன்.

பதில்: ஏன் அம்மணி, தெரிஞ்ச ஆளுன்னா மாமன் மச்சான் மட்டுந்தானா? கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் சின்ன ஒர்க்‌ஷாப்புக்கெல்லாம் ஹெச்ஆர்னு தனியா யாரும் இல்லீங்க, ஒருத்தர் வேலையை விட்டு நின்னுட்டா ஓனர் சூப்பர்வைசரைக் கூப்ட்டு "நல்ல ஆள் இருந்தா சொல்லுப்பா"ம்பாரு, அவ்ளோதான் விளம்பரம்.

அந்தப் பேச்சு மொதல்ல யார் காதுல விழும்? சிஎன்சிக்கு, அதான் கம்ப்யூட்டர் வெச்சு ஓடற மெஷினுக்கு, இன்செர்ட்ங்கற வெட்டு முனை விக்கற சேல்ஸ் ஆளுக, மெஷின் சர்வீஸ் இன்ஜினியருக, மைக்ரோமீட்டர் மாதிரி அளவுக்கருவி சரியாக் காட்டுதான்னு காலிபரேஷன் பண்ற லேப் பசங்க. அரசூர்ல ஆரம்பிச்சு மலுமிச்சம்பட்டி வரைக்கும் கம்பெனி கம்பெனியா ஏறி எறங்கறவங்க, எங்க புது விஎம்சி மெஷின் எறங்குது, எங்க ரெண்டாவது ஷிப்ட் போடறாங்க, எந்த க்வாலிட்டி இன்ஜினியர் நோட்டீஸ் குடுத்துட்டாருன்னு எல்லாம் அத்துப்படி. உங்க சீனியருகள்ல யாராச்சும் அந்த லைன்ல இருப்பாங்க, தேடுங்க.

பழக்கமே இல்லாதவரு எதுக்கு உதவுவாருன்னு தோணும். மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் 1973ல எழுதின கட்டுரையில, தெரிஞ்சவங்க மூலமா வேலைக்குப் போனவங்களை விசாரிச்சதுல, அடிக்கடி பாக்கற ஆள் மூலமா கெடச்சவங்க 16.7 சதவீதந்தான், மீதிப்பேருக்கெல்லாம் எப்பவாச்சும் பாக்கற ஆள் மூலமா. நெருங்குன சொந்தத்துக்குத் தெரிஞ்ச சேதி நமக்கும் தெரிஞ்சதாத்தானே இருக்கும்!

ஆனா எடுத்ததும் "அண்ணா வேலை வாங்கிக் குடுங்க"ன்னு கேட்றாதீங்க, அவருகிட்ட குடுக்க வேலை இல்ல, சங்கடப்பட்டு அடுத்த தடவை போனையே எடுக்க மாட்டாரு. "இன்ஸ்பெக்‌ஷன் பக்கம் போலாம்னு இருக்கேனுங்ண்ணா, டிராயிங் படிப்பேன், வெர்னியர் புடிப்பேன், இப்ப அங்க என்ன எதிர்பாக்கறாங்க, யாருகிட்ட பேசலாம்?"னு கேளுங்க. அவரு ஒரு பேரு சொன்னா ரெண்டு நாள்ல போய்ப் பாத்துட்டு, "பாத்தேனுங்ண்ணா"ன்னு ஒரு மெசேஜ் போட்ருங்க, அவரு பேரைச் சொல்லித்தானே உள்ள போனீங்க. கொடிசியா வளாகத்துல இன்டெக்ங்கற மெஷின் கண்காட்சி வந்தா கூட்டம் கொறைஞ்ச நேரமாப் பாத்து ஸ்டால் ஸ்டாலாப் பேசுங்க. டெபாசிட் கட்டுனா வேலைன்னு எவனாச்சும் சொன்னா வந்த பஸ்ஸுலயே திரும்பிருங்க.

உங்க ரெஸ்யூமையும் பாத்தேன். மூணு பக்கம் எதுக்குங்க? ஸ்கூல்ல வாங்குன கோலப்போட்டி சர்டிபிகேட்டெல்லாம் எடுத்துட்டு, ப்ராஜெக்ட்ல நீங்க கையால செஞ்சதை மேல கொண்டு வந்து, வாட்ஸப்ல அனுப்பற மாதிரி ஒரே பக்கமாச் சுருக்குங்க.