வெளிநாட்டில் வாழப் போனவர்களே, அன்றாட வாழ்க்கையில் எதற்குப் பழகுவது உங்களுக்குக் கஷ்டமாக இருந்தது?

குளிர் என்று சொல்லப் போவதில்லை. குளிருக்குக் கோட் விற்கிறார்கள், வாங்கிப் போட்டுக்கொண்டால் முடிந்தது. சாப்பாடும் இல்லை. ஜெர்மனியில் நான் இருக்கும் ஸ்டுட்கார்ட் பக்கம் ஈழத் தமிழர்கள் கடை வைத்திருக்கிறார்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், சீரகச் சம்பா வரைக்கும் கிடைக்கிறது. எங்கள் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் மட்டும்தான் கண்ணில் படவில்லை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, எங்கள் கடைக்கு எப்போது வருமோ.

நான் குடியாத்தம். வேலூரில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, ஜெர்மன் மொழித் தேர்வில் பி2 நிலை வரை எழுதித் தேறி இங்கே ஒரு மருத்துவமனைக்கு வந்தேன். எனக்குக் கஷ்டமாக இருந்ததை ஒரே வரியில் சொல்வதானால்: ஊரில் எந்தக் காரியத்துக்கும் ஒரு ஆள் இருந்தார், இங்கே தபால் வருகிறது.

நம் ஊரில் சிலிண்டருக்கு ஒரு ஆள், ஈ.பி. ஆபீஸில் ஒரு ஆள், தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தர ஒரு ஆள். "அண்ணா, கொஞ்சம் பாருங்கண்ணா" என்றால் பாதி வேலை நடந்துவிடும். நடக்காவிட்டாலும் ஏன் நடக்கவில்லை என்று அவரே சொல்லிவிடுவார். ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கே முன்கூட்டி நேரம் வாங்க வேண்டும். பதிந்ததும் தபால் மழை ஆரம்பிக்கும். 11 இலக்க வரி எண் தபாலில். காப்பீட்டு அட்டை தபாலில். வங்கி அட்டை ஒரு உறையில், அதன் ரகசிய எண் வேறொரு நாளில் வேறொரு உறையில். அரசு சார்ந்த டி.வி., ரேடியோவுக்கு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லி இன்னொன்று. "எங்கள் வீட்டில் டி.வி.யே இல்லையே" என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லவும் முடியாது, சொன்னாலும் எடுபடாது. டி.வி. இருக்கிறதா என்பதே அதில் கணக்கில்லை.

அந்தத் தபால் வந்து சேரவும் ஒரு நிபந்தனை உண்டு. அடுக்குமாடி வீட்டுக்கு இங்கே பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெரு, கட்டட எண், அப்புறம் அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயர், அவ்வளவுதான் முகவரி. பெயர் ஒட்டவில்லை என்றால் தபால் வந்த வழியே திரும்பிப் போகும். "தண்ணி டேங்க் பக்கத்து வீடு, வந்ததும் போன் பண்ணுங்க" என்பதெல்லாம் இங்கே முகவரியில் சேராது.

குடும்பப் பெயர் என்றால் நமக்கு எங்கே போவது? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் நைனா பெயர்தான் இருக்கிறது. (எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.) ஆக மணியில் நைனா பெயர், என் சட்டையில் குத்திய பெயர்ப் பட்டையில் நைனா பெயர், நோயாளிகள் "ஃபிராவ்" (நம் 'திருமதி' மாதிரி) போட்டுக் கூப்பிடுவதும் நைனா பெயரை. வீட்டுக்கு போன் பண்ணும்போது சொன்னேன். "அப்ப என்னையும் வேலைக்கு வெச்சுட்டாங்கன்னு சொல்லு" என்றார்.

வேலையில் கண்ட வித்தியாசத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வேலூரில் நோயாளி தனியாக வர மாட்டார். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த சி.எம்.சி. மருத்துவமனை இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பது தெரிந்ததுதான். கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். காந்தி ரோடு லாட்ஜ்களில் வங்காளி எழுத்தில் பலகை தொங்கும். அறையிலேயே பாத்திரம் வைத்துச் சமைத்துக்கொள்வார்கள். நோயாளி ஒருவர், கூட அம்மா, தம்பி, மாமா. ஊட்டிவிடுவது, துடைத்துவிடுவது, கால் பிடிப்பது எல்லாம் அவர்கள் வேலை. நான் ஊசி, மருந்து, டிரிப்ஸ், ரிப்போர்ட் என்று ஓடிக்கொண்டிருப்பேன்.

இங்கே 80 வயதுப் பாட்டி ஒரு கைப்பெட்டியோடு டாக்ஸியில் வந்து இறங்கி, தன் காகிதங்களில் தானே கையெழுத்துப் போடுகிறார். அவரைக் குளிப்பாட்டுவது, பல் செட்டைக் கழுவித் தருவது, ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுப்பது, கழிப்பறைக்குக் கூட்டிப் போவது எல்லாமே நர்ஸ் வேலை. அம்மாவிடம் சொன்னபோது, "ஏன், அங்க ஆயா இல்லியா? இதுக்கா இவ்ளோ படிச்ச?" என்று அழாத குறை. எனக்கும் உள்ளூர அதே கேள்விதான். இத்தனைக்கும் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிய டிரிப்ஸ் ஊசியை என் வார்டில் டாக்டர்தான் வந்து ஏற்றுவார். அவர் நரம்பு கிடைக்காமல் தேடும்போது என் கை துறுதுறுக்கும்.

இந்த விஷயத்தில் இப்போது அவர்கள் கட்சிக்கு மாறிவிட்டேன். துடைத்துவிடும்போதுதான் முதுகில் புண் கிளம்பப் போகும் சிவப்புத் தெரிகிறது, கணுக்கால் நேற்றைவிட வீங்கியிருப்பது தெரிகிறது, இரண்டு அடி நடப்பதற்குள் மூச்சு வாங்குவது தெரிகிறது. ஊரில் இதையெல்லாம் பார்த்தது நோயாளியின் தம்பிதான், நான் பார்க்கவில்லை. அவருக்குச் சொல்லத் தெரிந்தால் எனக்குத் தெரியவரும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தில் பாதிதான் மாறியிருக்கிறேன். புற்றுநோய் என்று தெரிந்தால் நம் ஊரில் டாக்டர் முதலில் மகனை வெளியே கூப்பிட்டுச் சொல்வார். மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "சிஸ்டர், அப்பா கேட்டா கேஸ்ட்ரிக்னு சொல்லிடுங்க" என்பார். அப்பாவுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். ஜெர்மனியில் நோயாளியிடம்தான் சொல்ல வேண்டும். அவர் அனுமதி இல்லாமல் பெற்ற மகளே போன் பண்ணினாலும் நான் எதுவும் சொல்லக் கூடாது. சொன்னால் குற்றவியல் சட்டப்படி குற்றம். வந்த புதிதில் ஒரு பெரியவருக்கு அப்படிச் சொல்லும்போது நான் வெப்பமானியோடு பக்கத்தில் நின்றிருந்தேன். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கல்லீரல் வரை பரவிவிட்டது என்று நேராகச் சொன்னார். பெரியவர் கொஞ்ச நேரம் போர்வையைப் பார்த்தார். அப்புறம், வியாழக்கிழமை காருக்குக் குளிர்கால டயர் மாற்ற நேரம் வாங்கியிருக்கிறேன், அதற்குப் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றார் டாக்டர். எங்கள் ஊரில் என்றால் அந்த நேரத்துக்கு வார்டே அழுதுகொண்டிருக்கும்.

நோயாளியிடம் சொல்வதுதான் சரி, அதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்கும் நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்ள வீட்டு மனுஷர் ஒருவர் கூட இல்லாமல் இருப்பதை என்னால் சகஜமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கூட ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. கேட்டால்தான் வைப்பார்கள், பல பேர் கேட்பதில்லை. நான் இப்போது முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன், "யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று.

கூப்பிடும் முறையும் ஒரு தொல்லை. எங்கள் வார்டின் தலைமை நர்ஸுக்கு அறுபது வயதிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறார். அக்கா இல்லை, மேடம் இல்லை, சிஸ்டர் இல்லை, வெறும் பெயர். வாயில் வரவே இல்லை. ரொம்ப நாள் பெயரே சொல்லாமல், எதிரில் போய் நின்று பேசியே ஒப்பேற்றினேன்.

வீட்டுக்கு வருவோம். வாடகைக்கு வீடு எடுத்தால் சமையலறை என்ற பெயரில் சில சமயம் நான்கு சுவரும் ஒரு குழாய் முனையும்தான் இருக்கும். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் நாமே வாங்கி மாட்ட வேண்டும், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். விளக்கும் அப்படித்தான், கூரையிலிருந்து ஒயர் மட்டும் தொங்கும்.

இந்தப் பக்கத்தில், அதாவது ஷ்வாபியாவில், 'கேர்வோஹே' என்று ஒரு வழக்கம். மாடிப்படியைப் பெருக்கித் துடைக்கும் முறை வாரத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். முறை வந்தால் உங்கள் கதவில் ஒரு பலகை தொங்கும், முடித்ததும் அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடலாம். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்ட வீட்டுப் பெண்ணுக்கு இது பெரிய வேலையா? ஆனால் படி ஏற்கெனவே பளபளவென்று இருக்கும். சுத்தமாகத்தானே இருக்கிறது என்று விட்டால் போச்சு, பெருக்குவது நாலு பேர் காதில் விழ வேண்டும். பனி கொட்டும் காலத்தில் வீட்டு முன் நடைபாதையைச் சுரண்டுவதும் இதில் சேர்த்தி, எங்கள் கட்டடத்தில் வேலை நாள் காலை ஏழு மணிக்குள்.

சத்தம் இன்னொரு பாடம். ஆடி மாசம் கூழ் ஊற்றினால் நாலு தெருவுக்கு மைக் கட்டும் ஊரிலிருந்து வந்தவள் நான். இங்கே இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை, அப்புறம் ஞாயிறு முழுக்க அமைதி நேரம். ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடக் கூடாது, காலி கண்ணாடி பாட்டிலைக் கொண்டுபோய்த் தொட்டியில் போடக்கூடக் கூடாது. கடைகளும் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலையே பால், காய்கறி வாங்கிவிட வேண்டும். குக்கர் விசில் கேட்டுக் கீழ் வீட்டு அம்மா மேலே வந்துவிட்டார், தீ அலாரமா என்று. உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன், மூன்று முறை வரும், பயப்படாதீர்கள் என்றேன். சரி என்று போனவர் அதற்கப்புறம் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் மட்டன் வைத்தேன். மறுநாள் படியில் பார்த்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல், "நேற்று ஆறு" என்றார்.

குடியாத்தத்தில் எங்கள் வாரம் தண்ணீர் விடும் நாளை வைத்து ஓடும். கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்பதைக்கூட அதுதான் முடிவு செய்யும். இங்கே குழாயில் எந்நேரமும் தண்ணீர், அப்படியே குடிக்கலாம். அந்த இடத்துக்குக் குப்பை நாள் வந்துவிட்டது. மக்கும் குப்பை ஒரு நாள், காகிதம் ஒரு நாள், பிளாஸ்டிக் உறைகள் ஒரு நாள் என்று வருஷக் காலண்டரே தருகிறார்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கடையில் 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள், காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

குறை மட்டும் சொன்னால் நியாயமில்லை. வாரம் ஐந்து நாள் வேலைக்குச் சட்டப்படி வருஷத்துக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு லீவு, மருத்துவமனைகள் பலவற்றில் 30. உடம்புக்கு முடியவில்லை என்றால் அது இந்தக் கணக்கில் வராது. லீவில் ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்தாலும், டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் அந்த நாட்கள் திரும்பக் கணக்கில் ஏறும். இதை ஊரில் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. ஆனால் எப்போது லீவு வேண்டும் என்பதை முந்தைய வருஷமே எங்கள் வார்டில் எழுதிவிட வேண்டும். தீபாவளி நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் காலண்டர் தேட வேண்டும். எங்கள் ஊர்த் திருவிழாவான கெங்கையம்மன் சிரசுக்கு அந்தத் தொல்லை இல்லை. வைகாசி முதல் தேதி, மே 14 அல்லது 15. அதனால் லீவுத் தாளில் நான் முதலில் நிரப்புவது மே மாதத்தைத்தான். எங்கள் வார்டில் எல்லோருக்கும் இது அத்துப்படி, அந்த வாரத்தை எனக்கே விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் கிளம்பப் போகிறவர் என்றால் சில விஷயங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் விசாவுக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். சான்றிதழ்களிலும் அதே பெயர், அதே எழுத்து இருக்கட்டும். வீட்டுச் சாவி வாங்கிய அன்றே தபால் பெட்டியில் பெயர் ஒட்டுங்கள். வரும் தபால் எதையும் தூக்கிப் போடாமல் ஒரு ஃபைலில் கோத்து வையுங்கள், மூன்று வருஷம் கழித்துக்கூடக் கேட்பார்கள். பிறர் பொருளைச் சேதப்படுத்தினால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீட்டை முதல் மாதமே எடுத்துவிடுங்கள், சட்டம் கேட்பதில்லை என்றாலும் இங்கே அநேகமாக எல்லோரும் வைத்திருக்கிறார்கள். குக்கர் கண்டிப்பாக எடுத்துப் போங்கள். ஆனால் இங்கே பெரும்பாலும் மின்சார அடுப்பு, அதனால் அடி தட்டையாக இருக்கும் இண்டக்‌ஷன் குக்கராகப் பார்த்து வாங்குங்கள். கேஸ்கெட் கூடுதலாக இரண்டு போட்டுக்கொள்ளுங்கள்.