புதுக் காரில் எந்த எக்ஸ்ட்ராவுக்குப் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: நான், மனைவி, 3 வயது மகள், 68 வயது அம்மா. நால்வருக்கும் சேர்த்து ஒரு ஹேட்ச்பேக் பார்த்து வைத்திருக்கிறோம். நடு வேரியன்ட் ஷோரூம் விலை 9.85 லட்சம். அதற்கு அடுத்தது 10.40 லட்சம்; சன்ரூஃப், அலாய் வீல், பெரிய திரை எல்லாம் உண்டு. "55,000 தானே சார் வித்தியாசம், மேலே போயிடுங்க" என்கிறார் சேல்ஸ்மேன். போகலாமா? (மதுரை வாசகர்)

பதில்: முதலில் அந்த 55,000-ஐச் சரிபார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரியை மாற்றினார்கள். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, மொத்த விலைக்குமே அந்த விகிதம்தான். உங்கள் நடு வேரியன்டுக்கு வரி 1,28,050 ரூபாய். மேல் வேரியன்டுக்கு 1,87,200. வரியில் மட்டும் 59,150 கூடுகிறது. ஆக உங்கள் கையிலிருந்து கூடுதலாகப் போவது 1,14,150 ரூபாய். இதற்கு மேல் 10 லட்சத்தைத் தாண்டும் காருக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வாங்கி உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள், அது 10,400. வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம், ஆனால் இப்போது கட்டித்தான் ஆக வேண்டும். இந்த 1.14 லட்சத்தையும் கடனில் சேர்த்தால், 9 சதவீத வட்டிக்கு 5 வருடம், மாதத் தவணையில் 2,300 ரூபாய்க்கு மேல் ஏறும். ஷோரூமில் யாரும் இந்தக் கணக்கை எழுதிக் காட்ட மாட்டார்கள். இரண்டு வேரியன்டுக்கும் ஆன்-ரோடு விலையைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

சரி, அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? நான் எப்போதும் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்த வசதியை இரண்டு வருடம் கழித்து வெளியில் பொருத்திக்கொள்ள முடியுமா? திரை, ரிவர்ஸ் கேமரா, ஸ்பீக்கர், அலாய் வீல், ஃபாக் லேம்ப் எல்லாம் முடியும். சைடு ஏர்பேக், கர்ட்டன் ஏர்பேக் (பக்கக் கண்ணாடியை மறைத்து விரிவது), இ.எஸ்.சி. (வண்டி சறுக்காமல் காப்பது), பின்சீட்டில் மூன்று பேருக்கும் மூன்று முனை பெல்ட், குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி, பின்பக்க ஏசி வென்ட், டிரைவர் சீட்டை உயர்த்தித் தாழ்த்தும் வசதி இவையெல்லாம் தொழிற்சாலையிலேயே வந்தால்தான் உண்டு. பணத்தை முதலில் இந்தப் பட்டியலுக்குக் கொடுங்கள்.

முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் சட்டப்படி கட்டாயம். 6 ஏர்பேக் கட்டாயம் இல்லை. பல கம்பெனிகள் அடி வேரியன்டிலிருந்தே தருகின்றன, சில இன்னும் மேலே ஏறச் சொல்கின்றன. இ.எஸ்.சி.யைப் பற்றி ஷோரூமில் அதிகம் பேசுவதில்லை. நான்குவழிச் சாலையில் மழை நேரத்தில் திடீரென்று மாடு குறுக்கே வந்து நீங்கள் ஸ்டியரிங்கை ஒடிக்கிறீர்கள் என்று வையுங்கள். வண்டி சறுக்கித் திரும்பாமல் இருக்க, தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் கொடுப்பது அதுதான். பாரத் என்கேப் மோதல் சோதனையில் 3 ஸ்டாரும் அதற்கு மேலும் வாங்க வேண்டுமென்றால் இ.எஸ்.சி. இருந்தாக வேண்டும். அந்தச் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது. அதில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியாக ஸ்டார் தருகிறார்கள். உங்கள் வீட்டில் 3 வயதுக் குழந்தை இருப்பதால் இரண்டாவது ஸ்டாரைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் வாங்கும் வேரியன்டுக்கும் அந்த ஸ்டார் பொருந்துமா என்றும் கேளுங்கள்.

நடு வேரியன்டில் இவையெல்லாம் இருந்தால் அதோடு நின்றுகொள்ளுங்கள். மிச்சமாகும் பணத்தில் மகளுக்கு நல்ல குழந்தை சீட் ஒன்று வாங்குங்கள். இது என் முதல் ஆலோசனை. 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிப் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு 194பி சொல்கிறது. அபராதத்தை விடுங்கள். மடியில் வைத்திருக்கும் குழந்தையை மோதலின் வேகத்தில் எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. சீட் எப்போதும் பின்னால்தான் இருக்க வேண்டும். ஏர்பேக் உள்ள முன்சீட்டில், பின்புறம் பார்த்த மாதிரி குழந்தை சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது.

இ.எஸ்.சி.யும் 6 ஏர்பேக்கும் மேல் வேரியன்டில்தான் என்றால் என் பதில் மாறும். அப்போது அந்த 1.14 லட்சத்தைக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு முன், அவை கீழ் வேரியன்டிலேயே வரும் வேறு கார் உங்கள் விலைக்குள் இருக்கிறதா என்று ஒரு வாரம் தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

சன்ரூஃப் பற்றி: மதுரை வெயிலில் பகலில் அதைத் திறக்கும் நாட்கள் குறைவு. சில கார்களில் பின்சீட்டின் தலை இடத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஓடும் வண்டியில் பிள்ளைகளை அதன் வழியாக எழுந்து நிற்க வைப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஒரு பிரேக் போதும். பின்பக்க ஏசி வென்ட் அப்படியில்லை, அம்மாவுக்கு ஒவ்வொரு பயணத்திலும் உதவும். அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். பின்சீட்டில் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். முழங்கால் மடங்கும் உயரம், மேலே பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, தலைக்கு ஹெட்ரெஸ்ட், இதெல்லாம் விளம்பரப் புத்தகத்தில் தெரியாது. மனைவியும் ஓட்டுவாரென்றால் அவரும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் சாலை தெரிகிறதா என்று பார்க்கட்டும். ஹேட்ச்பேக் என்பதால் பின் கண்ணாடிக்கு வைப்பரும், படியும் ஆவியைப் போக்கும் டிஃபாகரும் இருக்கிறதா பாருங்கள். ஐப்பசி மழையில் இரவு ரிவர்ஸ் எடுக்கும்போது அதன் அருமை தெரியும்.

கேள்வி: புக் பண்ணும்போது 38,000 ரூபாய்க்கு ஆக்சஸரீஸ் பேக் எடுத்தால்தான் சீக்கிரம் டெலிவரி என்கிறார்கள். மறுக்க முடியாதா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: முடியும். ஒரு பொருளை விற்பதற்கு இன்னொரு பொருளையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதை 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாட்டு வணிக நடைமுறை என்ற வகையில் சேர்த்து, புகாருக்கு இடம் தருகிறது. ஷோரூமில் குரலை உயர்த்த வேண்டாம். "இந்த பேக் கட்டாயம் என்று கொட்டேஷனில் எழுதி, சீல் போட்டுக் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஈமெயில் அனுப்புங்கள். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

பேக்கில் உள்ளதை ஒவ்வொன்றாக விலை போட்டு வாங்கிப் படியுங்கள். ஃபுளோர் மேட், மட் ஃப்ளாப் வேண்டும், எடுத்துக்கொள்ளுங்கள். மேட் டிரைவர் பக்கத்துக் கொக்கியில் சரியாக மாட்டியிருக்க வேண்டும். மேட் மேல் மேட் போட்டால் நகர்ந்து பெடலில் சிக்கும். குரோம் பட்டை, டோர் வைசர், ஒளிரும் படிப்பட்டை எல்லாம் உங்கள் ஆசையைப் பொறுத்தது. "20,000 ரூபாய்க்கு ஆக்சஸரீஸ் இலவசம்" என்றால், அதற்குப் பதிலாகப் பணமாகக் குறைக்கச் சொல்லுங்கள். 12,000 குறைத்தாலும் லாபம் உங்களுக்குத்தான். அந்தப் பொருட்களுக்கு அவர்கள் போட்டிருப்பது முழு எம்.ஆர்.பி.

சீட் கவரில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சைடு ஏர்பேக் பெரும்பாலும் முன்சீட்டின் ஓரத்துக்குள்ளேயே இருக்கும். மோதும்போது அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஓரம் முழுக்க மூடித் தைத்த கவரைப் போட்டால் ஏர்பேக் சரியாக விரியாமல் போகலாம். ஏர்பேக் இருக்கும் இடத்தில் திறப்பு விட்ட, அந்த மாடலுக்கென்றே செய்த கவரை மட்டும் வாங்குங்கள். அப்புறம் ஒன்று: வெளியில் எதைப் பொருத்தினாலும் வயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள். கப்ளரில் மாட்டும்படி வந்தால் சரி. வெட்டிய வயரைக் காட்டியே வாரன்டியை மறுத்துவிடுவார்கள்.

கேள்வி: இன்சூரன்ஸ் ஷோரூமிலேயே எடுக்க வேண்டுமா? ஜீரோ டெப், இன்ஜின் புரொடெக்ட் என்று அடுக்குகிறார்கள். எது வேண்டும்? (சென்னை வேளச்சேரி வாசகி)

பதில்: எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். வெளியில் ஒரு விலை வாங்கிக்கொண்டு போனால் ஷோரூம்காரரும் இறங்கி வருவார். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 வருடத்துக்குச் சேர்த்துக் கட்டியாக வேண்டும். உங்கள் வண்டிச் சேதத்துக்கானதை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுத்து, அடுத்த வருடம் கம்பெனி மாறலாம்.

நீங்கள் வேளச்சேரி என்பதால் இன்ஜின் புரொடெக்டை விட வேண்டாம். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண பாலிசியில் இந்த இன்ஜின் சேதத்துக்குப் பணம் தர மறுப்பார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்ற இந்தக் கூடுதல் கவர் இருந்தாலும் தண்ணீர் வடிந்த பிறகு சாவியைத் திருப்பாதீர்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஜீரோ டெப், அதாவது பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காத கவர், முதல் சில வருடங்களுக்கு அவசியம். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். இன்றைய பம்பர் முழுக்கப் பிளாஸ்டிக். டயர் கவர், சாவி கவர், பொருள் இழப்பு கவர் ஆகியவற்றை விட்டுவிடலாம். பழைய காரை விற்றிருந்தால் கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காக அதில் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸைப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. இது சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில்தான் கழியும். 15 லட்சத்துக்கான ஓட்டுநர் விபத்துக் காப்பீடு உங்களுக்கு ஏற்கெனவே இருந்தால் இங்கே இன்னொரு முறை கட்ட வேண்டியதில்லை.

கேள்வி: அண்டர்பாடி கோட்டிங், டெஃப்லான் கோட்டிங் இரண்டுக்கும் சேர்த்து 14,000 கேட்கிறார்கள். (தூத்துக்குடி வாசகர்)

பதில்: டெஃப்லான் வேண்டாம். சில மாதங்களில் கழுவிக் கழுவிப் போய்விடும். நல்ல மெழுகை நீங்களே பூசலாம். அண்டர்பாடி கோட்டிங் மற்ற ஊராக இருந்தால் யோசிக்கச் சொல்வேன், ஏனென்றால் தொழிற்சாலையிலேயே துருத் தடுப்புப் பூச்சில் முக்கித்தான் பாடியை எடுக்கிறார்கள். உங்களுக்கு உப்புக் காற்று, அதனால் செய்துகொள்ளுங்கள். அடிப்பாகத்தில் தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடக் கூடாது, சைலன்ஸர் மேல் தெளிக்கக் கூடாது. வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

கேள்வி: முன்னால் இரும்பு பம்பர் கார்டு போடலாமா? டேஷ்போர்டில் பிள்ளையார் வைக்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: பம்பர் கார்டு வேண்டாம். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குத் தடை செய்யச் சொல்லிக் கடிதம் எழுதியது. நடந்து போகிறவர்மேல் இடித்தால் காயம் பெரிதாகும். மோதலின் வேகம் சென்சாருக்குச் சரியாகப் போய்ச் சேராமல் ஏர்பேக் விரிவதும் தவறலாம். பிள்ளையாரைத் தாராளமாக வையுங்கள், ஆனால் இடது பக்கம் ஏர்பேக் என்று எழுதிய மூடியின்மேல் ஒட்ட வேண்டாம். மூடி திறக்கும்போது சிலை பக்கத்தில் இருப்பவர் முகத்தை நோக்கிப் பறக்கும். நடுவில், ஏசி வென்டுக்கு மேலே சிறியதாக ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எக்ஸ்டெண்டட் வாரன்டியை டெலிவரி அன்றே எடுத்தாக வேண்டுமா? (திருச்சி வாசகர்)

பதில்: பெரும்பாலான கம்பெனிகளில் அடிப்படை வாரன்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்; தள்ளத் தள்ள விலை கொஞ்சம் ஏறும். ஆட்டோமேட்டிக் கியர், டர்போ இன்ஜின் என்றால் எடுங்கள், பழுதானால் செலவு பெரிது. கார் கம்பெனியே தருவதா, ஷோரூம் ஏற்பாடு செய்த வேறு நிறுவனம் தருவதா என்று தாளில் பாருங்கள். கம்பெனி தருவதை மட்டும் வாங்குங்கள். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் அங்குள்ள சர்வீஸ் சென்டரில் செல்லும்.