பதக்கத்துக்கு என்ன அவசரம்?

கேள்வி: எல்லையில் நிற்கும் ராணுவ வீரருக்குப் பதக்கம் கொடுத்தால் கைதட்டுகிறீர்கள். கலவரத்தை அடக்கிய போலீஸ் அதிகாரிக்கு தேசியப் பதக்கம் என்றால் மட்டும் பத்திரிகைக்காரர்களுக்கு வயிறு எரிகிறது. ஹரியானா அதிகாரிகளுக்குப் பரிந்துரை செய்தபோதும் இதே கூச்சல்தான். கல்லடி படுவது போலீஸ்காரர்தானே? என் மைத்துனர் ஆயுதப்படையில் இருக்கிறார். அவருக்காகவும் சேர்த்துக் கேட்கிறேன்.
— வாசகர், தக்கலை

பதில்: கல்லடி படுவது போலீஸ்காரர்தான். அதில் உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லை. ஆனால் நீங்களே எடுத்துக்காட்டிய ஹரியானா பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள். 2024-ல் அந்த மாநில அரசு வீரப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்தது ஆறு பேரை. மூவர் ஐ.பி.எஸ்., மூவர் மாநிலக் காவல் பணி அதிகாரிகள். உங்கள் மைத்துனரைப் போல கேடயத்தைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நிற்கும் கான்ஸ்டபிள் ஒருவர்கூட அதில் இல்லை. கல் ஒருவர் மேல் விழுகிறது, பதக்கம் இன்னொருவர் சட்டையில் ஏறுகிறது. வயிறு எரிய வேண்டியது உங்களுக்குத்தான்.

அங்கே என்ன நடந்தது? 2024 பிப்ரவரியில் டெல்லிக்குப் புறப்பட்ட பஞ்சாப் விவசாயிகளை பஞ்சாப்-ஹரியானா எல்லையில் உள்ள ஷம்பு, கனௌரியில் ஹரியானா போலீஸார் கான்கிரீட் தடுப்பு வைத்து நிறுத்தினார்கள். ட்ரோனில் இருந்து கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டார்கள். 21-ஆம் தேதி கனௌரியில் சுப்கரண் சிங் என்ற இளம் விவசாயி இறந்துபோனார். அந்தச் சாவை விசாரிக்க மார்ச் மாதம் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு அமைத்தது. ஜூலையில் அதே நீதிமன்றம், ஷம்பு தடுப்பை எடுங்கள் என்று உத்தரவு போட்டது. தடுப்பைக் காத்தவர்களுக்குப் பதக்கம் கேட்ட செய்தி வந்ததும் அதே ஜூலையில்தான். கோர்ட் எடுக்கச் சொன்ன தடுப்புக்கு வீரப் பதக்கம்! இதைக் கேட்டால் கூச்சல் என்கிறீர்கள்.

ராணுவத்தோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். எல்லையில் எதிரே நிற்பவன் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. போராட்டத்தில் எதிரே நிற்பவர் நாளைக்கு யார் ஆவார் என்பது பதக்கம் கொடுக்கிறவருக்கே தெரியாது. தக்கலைக்காரரான உங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுட்டது யார்? திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ். சுடப்பட்டவர்கள், தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி மார்ஷல் நேசமணி பின்னால் திரண்டவர்கள். அன்றைய திருவனந்தபுரம் சர்க்காரின் கணக்கில் அவர்கள் கலகக்காரர்கள். பட்டம் தாணுப் பிள்ளை மந்திரிசபை துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்தியது. அவருடைய பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியாவே மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும் என்றார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் கட்சிதான் உடைந்தது.

இரண்டு வருடம் கழித்து, 1956 நவம்பர் 1-ல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. அந்தக் கலகக்காரர்கள் தியாகிகள் ஆனார்கள். எல்லைப் போராட்டத்தில் ஈடுபட்டவர்களுக்குத் தமிழக அரசு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். குடியரசுத் தலைவரின் காவல் பதக்கம் 1951-லேயே வந்துவிட்டது. அடுத்த குடியரசு தினப் பட்டியலில் மார்த்தாண்டத்தில் சுட உத்தரவிட்ட அதிகாரியின் பெயர் ஏறியிருந்தால்? ஒரே சம்பவத்துக்கு ஒரு அரசு பதக்கமும் இன்னொரு அரசு பென்ஷனும் கொடுத்திருக்கும். ஆகஸ்ட் 11-ல் புதுக்கடைக்கு மாலை போடப் போகிறவர்கள், போலீஸ் பதக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதை ஒரு தடவை நினைக்கலாம்.

அமெரிக்காவிலும் இந்தக் கூத்து உண்டு. 2021 ஜனவரி 6-ல் டிரம்ப் ஆதரவுக் கும்பல் தாக்கிய நாடாளுமன்றக் கட்டடத்தைக் காத்த போலீஸ்காரர்களுக்கு அதே ஆண்டு தங்கப் பதக்கச் சட்டம் போட்டார்கள். அந்தக் கும்பலில் இருந்த சுமார் 1,500 பேருக்கு 2025 ஜனவரியில் பொது மன்னிப்பு. ஆட்சி மாறினால் கலவரத்தின் பெயரும் மாறுகிறது.

சரி, அப்படியானால் பதக்கமே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். அப்படி உயிரைக் கொடுத்த பணிக்கு எந்தப் பதக்கம் கொடுத்தாலும் இந்த மாவட்டத்தில் ஒருவர்கூட முகம் சுளிக்க மாட்டார். நான் கேட்பது அவசரம் வேண்டாம் என்பதைத்தான். இது என் சொந்தச் சரக்கும் அல்ல. என்கவுன்ட்டர் சாவுகள் பற்றி 2014-ல் உச்ச நீதிமன்றம் போட்ட நெறிமுறையில் தெளிவாகவே இருக்கிறது: சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக்கூடாது, வீரம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமான பிறகுதான் பரிந்துரையே. ரவுடியைச் சுட்டதற்கே இவ்வளவு பொறுமை வேண்டும் என்றால், ஊர்வலம் போனவரைச் சுட்டதற்கு எவ்வளவு வேண்டும்?

பொறுமை ஏன் என்பதற்குத் தூத்துக்குடி போதும். 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகப் போராடியவர்கள் மேல் போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். வேறு வழியில்லாமல் சுட்டோம் என்றார்கள். அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. அதில் 17 போலீஸ்காரர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருந்தது. நடுவில் நாலு வருடம். அந்த நாலு வருடத்தில் எத்தனை குடியரசு தினம், எத்தனை சுதந்திர தினம், எத்தனை பதக்கப் பட்டியல்! பட்டியலை அனுப்புவது மாநில அரசு. சுட உத்தரவிட்டதும் அதே அரசின் அதிகாரிகள் என்றால், அந்தப் பரிந்துரையின் பெயர் தன்னைத் தானே தட்டிக்கொடுப்பது. வீரப் பதக்கத்தோடு ஆயுள் முழுக்க மாதப் படியும் வருகிறது, அதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. சுடாமல் இருப்பதற்கு இந்த நாட்டில் பதக்கம் கிடையாது. 2017-ல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு, டிசம்பர் 7-ஆம் தேதி, கடலில் காணாமல் போனவர்களைத் தேடித் தரச் சொல்லி கடற்கரை ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் நடந்தே வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்தார்கள். புருஷனைத் தேடும் பெண்டாட்டியும் மகனைத் தேடும் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ரயில் நின்றது, இரவும் வந்தது. ஒரு கல், ஒரு தடியடி போதும், மாவட்டமே பற்றி எரிந்திருக்கும். 1982 மண்டைக்காடு மதக் கலவரம் நினைவு இருக்கிறவர்களுக்கு வயிற்றைப் பிசைந்திருக்கும். ஆனால் துப்பாக்கி வெடிக்கவில்லை. பேச்சுவார்த்தை நடந்தது, கூட்டம் கலைந்தது, ஐந்து நாளில் முதலமைச்சரும் வந்தார். (அப்புறம் ஆயிரக்கணக்கானோர் மேல் வழக்குப் போட்டார்கள், அது வேறு கதை.) பசியோடும் திட்டு வாங்கிக்கொண்டும் அன்று அங்கே நின்ற கான்ஸ்டபிள்களின் பணியை எந்தப் பதக்கப் படிவத்தில் எழுதுவது? ஒன்றும் நடக்கவில்லை என்றால் பரிந்துரைக் கடிதத்தில் நிரப்ப ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் இங்கே நல்ல முன்மாதிரி இருக்கிறது. மதக் கலவரம் வராமல் பாடுபட்ட சாதாரண மனிதர்களுக்குத் தமிழக அரசு குடியரசு தினத்தில் கோட்டை அமீர் பதக்கம் கொடுக்கிறது. மண்டைக்காட்டில் துப்பாக்கி செய்யாததை, கரையோரம் அமைதிப் பயணம் வந்த குன்றக்குடி அடிகளார் செய்தார். இதே அளவுகோலை போலீஸுக்கும் வைத்தால் என்ன?

உங்கள் மைத்துனர் அன்று குழித்துறையில் பந்தோபஸ்தில் இருந்தாரா என்று கேட்டு எழுதுங்கள். இருந்தார் என்றால் மனுவைத் தயார் செய்யுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.