இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நொறுக்குத் தீனி தின்னும் பழக்கத்தை எப்படி விடுவது?

எனக்கு வயது 47. பத்து வருடத்துக்கு மேல் இந்தப் பழக்கத்தோடு குடித்தனம் நடத்தியவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன். மருத்துவன் இல்லை, பிரானூரில் ஒரு மர மில்லில் கணக்கு எழுதுகிறேன்.

ஊர் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர். அதனால் எங்கள் வீட்டுப் பலகாரத்தில் பாதிக்குத் தேங்காய் எண்ணெய் வாசம்தான். போதாததற்கு அக்காவை மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்துப் புனலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மீட்டர் கேஜ் ரயில் நின்றுபோய், 2018-இல் அகலப்பாதை திறக்கும்வரை அவள் பஸ்ஸில்தான் மலையேறி வரவேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிகம். ரயில் விட்டதும் மாதா மாதம் வர ஆரம்பித்தாள். வெறுங்கையோடு வருவாளா? ஒரு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ், சீசனில் சக்கை வறுவல் (பலாச்சுளை சிப்ஸ்தான்), ஓணத்துக்குச் சுக்கும் ஏலமும் போட்டு வெல்லப்பாகில் புரட்டிய வாழைக்காய்ச் சர்க்கரை வரட்டி. ரயில்வேக்காரர்கள் எனக்குச் செய்த உபகாரம் இது.

இதெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும். ராத்திரி எட்டரைக்குச் சாப்பாடு, ஒன்பதே முக்காலுக்கு டின். மூடியைச் சத்தமில்லாமல் திறக்க எனக்கென்று ஒரு முறை உண்டு: டின்னை நெஞ்சோடு அணைத்து, ஒரு கட்டைவிரலால் மூடியின் நடுவை அமுக்கிக்கொண்டு, இன்னொரு கட்டைவிரலால் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். அவசரப்பட்டால் 'டப்' என்று கேட்கும். அடுத்த அறையிலிருந்து மனைவி ஒன்றும் சொல்லமாட்டாள், ஒருமுறை இருமுவாள். அவ்வளவுதான்.

சிப்ஸில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. முறுக்கு என்றால் ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். சிப்ஸை யார் எண்ணுவார்கள்? கையில் அள்ளினது போக விரலில் ஒட்டினது, டின்னின் அடியில் நொறுங்கினது என்று போய்க்கொண்டே இருக்கும். மகள் கேக் செய்ய வாங்கிய சின்னத் தராசில் ஒருநாள் டின்னை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தேன். 90 கிராம் குறைந்திருந்தது. வாழைக்காய் சிப்ஸ் 100 கிராமுக்கு 500 கலோரிக்கு மேல் வரும். அதாவது சாப்பிட்டு ஒன்றேகால் மணி நேரத்தில் இன்னொரு ராச்சாப்பாடு. உப்பு வேறு. நடுராத்திரி தாகம், அப்புறம் தண்ணீர், அப்புறம் பாத்ரூம்.

நிறுத்த நான் செய்த கூத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டின்னை மில் பையன்களிடம் கொடுத்தேன்; நாலாம் நாள் பொட்டுக்கடலையும் சீனியும் கலந்து தின்றுகொண்டிருந்தேன். வெள்ளரிக்காய் நறுக்கி வைத்தேன். அதையும் தின்று, பிறகு பிஸ்கட்டும் தின்றேன். பொரி நல்லது என்றார்கள், கிண்ணம்தான் பெரிதானது.

உருப்படியாக நடந்த முதல் காரியம், ஒரு வாரம் ரசீதுத் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தது. என்ன தின்றேன், மணி என்ன, அன்று பகலில் என்ன சாப்பிட்டேன். கணக்கு எழுதுகிறவனுக்கு இதாவது வரவேண்டும் இல்லையா? ஏழு நாளில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் டின் திறக்கவே இல்லை. யோசித்துப் பார்த்தால், ஞாயிறு மத்தியானம் மீன்குழம்போடு வயிறு நிறையச் சாப்பாடு, சாயங்காலம் டீயோடு இரண்டு பஜ்ஜி. மற்ற நாளெல்லாம் பன்னிரண்டரைக்கு டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும், நாலு மணிக்கு வெறும் டீ, எட்டரை வரை வேறொன்றும் கிடையாது. பகல் முழுக்க வயிற்றுக்குக் கடன் சொல்லிவிட்டு ராத்திரி வட்டியோடு கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உடம்பும் ராத்திரியில் நமக்கு உதவி செய்வதில்லை. 2013-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 12 பேரை மங்கிய வெளிச்சமுள்ள ஆய்வகத்தில் 13 நாள் வைத்துப் பார்த்தார்கள். எப்போது சாப்பிட்டாலும் தூங்கினாலும், உள்ளிருக்கும் கடிகாரத்தின்படி பசி காலை 8 மணி வாக்கில் குறைந்தும் இரவு 8 மணி வாக்கில் உச்சத்திலும் இருந்தது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மேல் ஆசையும் அதே மாதிரிதான். அரைவயிற்றோடு அந்த நேரத்தில் டின் பக்கத்தில் போய் நின்றால் யார் ஜெயிப்பார்கள்?

எனவே மத்தியான டப்பாவில் இரண்டு அவித்த முட்டையோ சுண்டலோ கட்டாயம் என்று ஆக்கினேன். சிப்ஸை ஒழிக்கவில்லை. மில்லிலிருந்து வந்ததும் ஐந்தரைக்கு ஒரு சின்னத் தட்டில் கொட்டி, டீயோடு எல்லார் முன்னாலும் உட்கார்ந்து தின்றேன். டின்னோடு உட்காரக் கூடாது, தட்டு காலியானால் எழுந்துவிட வேண்டும். ராத்திரி நாலு தோசை இரண்டாகி, கூடக் கஞ்சியும் சிறுபயறும் வந்தன. அம்மா கேரளத்து ஆரியங்காவுக்காரி, கஞ்சியும் பயறும் அந்தப்பக்கத்துச் சாப்பாடு என்பதால் அவளுக்கு இதில் பரம சந்தோஷம். இதிலேயே முக்கால்வாசி அடங்கிவிட்டது.

மீதி கால்வாசி பசியே இல்லை என்பது அம்மாவால்தான் தெரிந்தது. டின்னை அம்மா அறைக்கு மாற்றியிருந்தோம். ஒருநாள் பத்து மணிக்குப் போய்க் கதவருகில் நின்றேன். கட்டிலில் சாய்ந்தபடியே கேட்டாள்: "என்னய்யா, பசிக்கா? கஞ்சி கெடக்கு, சுட வச்சுத் தரட்டா?"

கஞ்சி வேண்டாம் என்றேன். "அப்பம் என்னத்துக்கு வந்த?"

பதில் இல்லை. 47 வயதில் அம்மாவிடம் சிப்ஸ் கேட்டு நிற்கிற ஆளுக்கு என்ன பதில் இருக்கும்? திரும்பி வந்து பல் தேய்த்துப் படுத்தேன். இப்போதும் அதே கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். கஞ்சி இறங்கும் என்றால் அது பசி, குடித்துவிடலாம், தப்பே இல்லை. கஞ்சி வேண்டாம், சிப்ஸ்தான் வேண்டும் என்றால் வாய்க்கு வேலை வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் கையில் மொபைலும் மண்டையில் மில் தகராறும் இருக்கிற நாள்கள் அவை. பல் தேய்ப்பது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் பேஸ்ட் வாயோடு சிப்ஸ் தின்று பாருங்கள், தெரியும். பன்னிரண்டு வரை முழித்திருந்த நான் இப்போது பத்தரைக்கு விளக்கை அணைப்பதும் ஒரு காரணம். முழித்திருந்தால்தானே தின்ன?

இதை எல்லாருக்கும் பொது வைத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை மாத்திரை எடுப்பவர்களும் ராத்திரி திடீரென்று ஒன்றும் சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை இறங்கிவிடலாம். டாக்டரைக் கேட்டுவிட்டே மாற்றுங்கள். தூக்கத்தில் எழுந்து எழுந்து சாப்பிடுவது, காலையில் பசியே இல்லாதது, தூக்கம் வராதது எல்லாம் சேர்ந்து இருந்தால் அது வெறும் பழக்கமாக இல்லாமலும் இருக்கலாம். 1955-லேயே ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மருத்துவர் இதை ஒரு நோயாகவே எழுதியிருக்கிறார், சிகிச்சையும் உண்டு. கூச்சப்படாமல் போய்ப் பார்க்கலாம்.

நான் முழுக்கத் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால், ஜன்னல் வழியாக அந்தக் காற்று வந்தால், என் சட்டமெல்லாம் செல்லாது. ஜூலையில் ஒன்றரை கிலோ கூடினேன். ஆகஸ்டில் மறுபடி ரசீதுத் தாளை எடுத்தேன்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். டின் காலியா, அடுத்த வாரம் கொண்டுவரவா என்று கேட்டாள். இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது, வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ஏன்டே, எண்ணெய் சிக்கு வாடை அடிக்கோ?" என்றாள்.