கொரோனா வகுப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறோம். கொரோனா காலம் பற்றி என்னை எழுதச் சொன்னார்கள். தலைமை ஆசிரியர், "ஆன்லைன் வகுப்பு எடுத்தது, வீடு வீடாகப் போனது, எல்லாவற்றையும் சாதனையாகப் போட்டுவிடுங்கள்" என்கிறார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஓர் அம்மா, "இன்னா டீச்சர், அதையே இன்னும் பேசிக்கினு கீறீங்க, புள்ளைங்க மறந்துட்ச்சிங்க, நீங்களும் உடுங்க" என்றார்.

எனக்கு மறக்கவில்லை சார். 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் மட்டும் எழுதிச் சேர்ந்த பிள்ளைகள் 2021 நவம்பரில் நேராக இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். மதியம் நான் சாப்பிட மாஸ்க்கைக் கழற்றினேன், ஒரு பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு, "எங்க டீச்சர் எங்கே?" என்று பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டது. அந்த வகுப்பு இப்போது ஆறாவதில் இருக்கிறது. ஏழாவது, எட்டாவதில் இருந்து வராமலே போனவர்களும் உண்டு. இதையெல்லாம் விழா மலரில் எழுதலாமா, வேண்டாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள டீச்சர்,

எழுதுங்கள். மாஸ்க் கதையிலிருந்தே தொடங்குங்கள், தலைமை ஆசிரியர் சொல்லும் சாதனை அதற்குப் பின்னால் வரட்டும்.

அந்த அம்மா சொன்னதையும் நான் தள்ளிவிட மாட்டேன். கையில் காசில்லாமல், பெரியாஸ்பத்திரி வாசலில் நின்று, யாரையாவது புதைத்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த இரண்டு வருஷத்தை மறுபடி கிளறுவது பிடிக்காதுதான். அவர்களை மேடையேற்றிப் பேசச் சொல்ல வேண்டாம். ஆனால் பள்ளிக்கூடம் மறந்துவிட முடியாது, ஏனென்றால் அந்த ஆறாம் வகுப்பு இன்னும் உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. கூட்டல் வரும், கடன் வாங்கிக் கழித்தல் வராது, வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிப்பார்கள். "கொரோனா பேட்ச்" என்று கிண்டல் செய்வதற்கு முன்னால், அவர்களுக்கு ஒன்றாம் வகுப்பே கிடைக்கவில்லை என்பதை எழுத்தில் யாராவது சொல்லி வைக்க வேண்டும், நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

தேதிகளை அடுக்கிப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். 2020 மார்ச்சில் பூட்டினோம். 2021 செப்டம்பர் 1-இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, நவம்பர் 1-இல்தான் ஒன்று முதல் எட்டு வரை. அந்த நவம்பரும் நம் பக்கம் எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும், பாலாறு கரை புரண்டது, பேரணாம்பட்டில் வீடு இடிந்து உயிர்கள் போயின, திறந்த பள்ளிக்கு மழை விடுமுறை. அடுத்த ஜனவரியில் மறுபடி பூட்டி பிப்ரவரி 1-இல் திறந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு பள்ளிக்கூடம் என்றால் அப்பப்போ திறக்கிற இடம் என்றுதானே படும்?

பெரிய பிள்ளைகள் கதை வேறு. 2022 ஏப்ரலில் வேலூரில் ஓர் அரசுப் பள்ளியில் மாணவர்கள் பெஞ்சை உடைக்கிற வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. டீக்கடையில் எல்லோரும் "இதுங்களை அடிச்சு வளர்க்கணும்" என்றார்கள். அந்த வருஷம் பிளஸ் டூ படித்தவர்கள் யார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பத்தாவது பொதுத்தேர்வு 2020 ஜூனில் ரத்து, எல்லோரும் பாஸ். பதினொன்றாவதும் ஆல் பாஸ். 2022 மே மாதம் எழுதியதுதான் அவர்கள் வாழ்க்கையில் முதல் பொதுத்தேர்வு. பெஞ்சை உடைத்தது சரி என்று சொல்லவில்லை. பதினைந்து வயதிலிருந்து பதினேழு வரை பெரும்பாலும் போனும் நாலு சுவருமாக இருந்தவர்களை, வந்த முதல் நாளே பழையபடி கைகட்டி உட்காரச் சொன்னோம், அவ்வளவுதான் நாம் செய்த தயாரிப்பு.

ஆன்லைன் வகுப்பைச் சாதனைப் பட்டியலில் சேர்க்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். வீட்டில் ஒரே போன், அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் ராத்திரிதான் வீட்டுப்பாடம் வந்து சேரும். கல்வித் தொலைக்காட்சி நல்ல முயற்சி, ஆனால் சந்தேகம் கேட்டால் அது பதில் சொல்லாது. ஜவ்வாது மலை மேல் பீஞ்சமந்தை போன்ற ஊர்களில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. அதே நேரத்தில் உலர் பொருளாக அரிசி, பருப்பு, முட்டை என்று அளந்து கொடுத்த சத்துணவு அமைப்பாளர், சாயந்திரம் தன் வீட்டுத் திண்ணையில் மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு அரசின் இல்லம் தேடிக் கல்வி வகுப்பு நடத்திய பெண், இவர்களுக்கு மலரில் ஒரு பக்கம் உண்டா? விழா மேடையில் சால்வை எப்போதும் வேறு யாருக்கோ போகிறது, அது வேறு புலம்பல்.

வராமலே போனவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதச் சொல்வேன். நம் பக்கம் பள்ளி மூடினால் பிள்ளை சும்மா இருக்காது. குடியாத்தத்தில் தறி இருக்கிறது, தீப்பெட்டி இருக்கிறது, வீட்டுக்கு வீடு பீடி முறம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஏழாவது வரை வகுப்பில் முதலாக வந்தவள். அம்மா சுருட்டிப் போடுகிற பீடியின் முனையை மடக்குவது அவள் வேலை. முதலில் பொழுதுபோக்காக, அப்புறம் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்காகி, பள்ளி திறந்தபோது அந்த வருமானத்தை விட வீட்டால் முடியவில்லை. முறத்தைப் பார்க்காமலே மடக்குவாள், கண் டிவியில் இருக்கும். "புள்ளைங்க தொழில் கத்துக்கிச்சிங்க" என்று இதைப் பெருமையாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

உங்கள் பள்ளி அலமாரியில் 2019-20 வருகைப் பதிவேடு இருக்கும். அதை எடுத்து 2021 நவம்பர் பதிவேட்டோடு வைத்துப் பாருங்கள். யார் தனியார் பள்ளியில் பணம் கட்ட முடியாமல் உங்களிடம் வந்தார்கள், யார் திரும்பிப் போனார்கள், யார் எங்குமே போகவில்லை என்று தெரியும். பெயரை அச்சிடாதீர்கள், குறிப்பாகக் கல்யாணம் ஆகிப் போன பெண்களின் பெயரை. எண்ணிக்கையை மட்டும் போடுங்கள். முடிந்தால் அவர்களில் இரண்டு மூன்று பேரை நேரில் பார்த்து அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி வாங்குங்கள்.

ஆறாம் வகுப்பையும் நினைவில் இருப்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். 2020 ஏப்ரலில் ஆந்திர எல்லையில், குடியாத்தம் பக்கமும் பொன்னை பக்கமும், கொரோனா பரவாமல் தடுக்க ரோட்டுக்குக் குறுக்கே சுவர் எழுப்பி, சில நாளிலேயே இடித்தார்களே, அதை யாராவது அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். பிழை இருந்தாலும் திருத்தாமல் போடுங்கள்.

தலைமை ஆசிரியர் சம்மதிக்கவில்லை என்றால் சண்டை வேண்டாம். ஆண்டறிக்கையை அவர் விருப்பப்படி எழுதட்டும், உங்களுக்கு நடுவில் நாலு பக்கம் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், இங்கே போடுகிறேன், பள்ளியின் பெயர் இல்லாமல்.